வாசலில் பூக்கும் சால்வியா

முளைக்காத விதை

குடிபாலா சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. சித்தூருக்கும் வேலூருக்கும் நடுவே உள்ள ஊர். பக்கத்திலேயே தமிழ்நாட்டு எல்லை. இங்கே தெலுங்கும் பேசுவார்கள், தமிழும் பேசுவார்கள். மாந்தோப்பு உண்டு. கரும்பு உண்டு. வேர்க்கடலை உண்டு. வீட்டு வாசலில் கனகாம்பரம், சாமந்தி, துளசி இருக்கும்.

இந்த ஊரில் ஒரு அம்மா விதை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். சித்தூர் கடையில் ஒரு பை கண்ணில் பட்டது. பை மேல் சிவப்புப் பூவின் படம். நெருப்பு போலச் சிவப்பு. அது சால்வியா விதை. ஆசையோடு வாங்கி வந்தார். தொட்டியில் ஆழமாக நட்டார். தினமும் நிறையத் தண்ணீர் ஊற்றினார். இருபது நாள் ஆயிற்று. ஒன்றுகூட முளைக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். "அத்தை, விதைப் பை எங்கே? அதில் என்ன போட்டிருந்தது?"

"பையா? அதை அன்றைக்கே அடுப்பில் போட்டேன். அதில் படம்தானே இருந்தது?"

படம் மட்டும் இல்லை. பையின் பின்பக்கம் எழுத்து இருந்தது. எண்களும் இருந்தன. அந்த எண்களைப் படித்திருந்தால் காசு வீணாகி இருக்காது. அந்த எண்கள் என்ன சொல்லும்? சால்வியாவை எப்படி வளர்ப்பது? எப்படிக் காப்பது? இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

துளசியின் உறவு

சால்வியா வெளிநாட்டுப் பெயர். ஆனால் செடியைத் தொட்டுப் பாருங்கள். தெரிந்த செடி போல இருக்கும். தண்டு உருண்டையாக இருக்காது. நான்கு பக்கம் இருக்கும். இலைகள் இரண்டு இரண்டாக எதிர் எதிரே இருக்கும். துளசியும் அப்படித்தான். புதினாவும் அப்படித்தான். கற்பூரவல்லியும் தும்பையும் அப்படித்தான். இவை எல்லாம் ஒரே குடும்பம்.

பூவையும் பாருங்கள். தும்பைப் பூவுக்கு உதடு இருப்பது போல இருக்கும். சால்வியாவுக்கும் மேல் உதடு, கீழ் உதடு உண்டு.

சால்வியா இனத்தில் ஏறக்குறைய ஆயிரம் வகைச் செடிகள் உள்ளன. நம் தோட்டங்களில் மூன்று வகைகளை அதிகம் பார்க்கலாம்.

முதல் வகை, சிவப்புச் சால்வியா. இது பிரேசில் நாட்டுச் செடி. 1820-களில் ஐரோப்பாவுக்குப் போனது. பிறகு உலகம் எங்கும் பரவியது. இந்தச் செடியில் ஒரு விசேஷம் உண்டு. பூ உதிர்ந்த பிறகும் நிறம் போகாது. பூவைத் தாங்கும் கிண்ணமும் சிவப்பாக இருக்கும். அதனால் பல நாள் பூத்தது போலவே தெரியும்.

இரண்டாவது, நீலச் சால்வியா. மெக்சிகோவிலும் அமெரிக்காவின் டெக்சாஸ் பகுதியிலும் பிறந்த செடி. பூக்கொத்து ஒல்லியாக, நீலமாக இருக்கும். வெயிலை ஓரளவு தாங்கும்.

மூன்றாவது, காட்டுச் சிவப்பு. இதன் பூக்கள் கொஞ்சம் இடைவெளி விட்டு இருக்கும். உயரமாக வளரும். விதை உதிர்ந்து தானே முளைக்கும். வெயிலைத் தாங்கும். நீலகிரி மலையில் இது தானாகவே பரவி வளர்கிறது.

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் ஒவ்வொரு வருடமும் மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும். அங்கே தொட்டி தொட்டியாகச் சால்வியாவை அடுக்கி வைப்பார்கள். பெங்களூரில் லால்பாக் தோட்டம் இருக்கிறது. 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் அது. அங்கேயும் குடியரசு நாள், சுதந்திர நாள் சமயங்களில் மலர்க் கண்காட்சி நடக்கும்.

ஊட்டி குளிர்ந்த இடம். அங்கே மே மாதத்தில் சால்வியா பூக்கும். குடிபாலாவில் மே மாதம் அக்கினி வெயில். அப்போது சிவப்புச் சால்வியா வாடிவிடும். ஆகவே ஊட்டியைப் பார்த்து அதே மாதத்தில் நடக் கூடாது. நம் ஊருக்கு ஏற்ற காலம் பனிக்காலம்.

பையைப் படியுங்கள்

விதைப் பையில் எழுத்து வேறு மொழியில் இருக்கலாம். ஆனால் எண்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

முதலில் தேதியைப் பாருங்கள். பொதுவாக இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று, விதையைச் சோதித்த தேதி. மற்றொன்று, எந்தத் தேதி வரை விதைக்கலாம் என்பது. 08/2025 என்று இருந்தால் 2025-ஆம் வருடம் எட்டாவது மாதம், அதாவது ஆகஸ்ட் என்று பொருள். அந்த மாதம் கடந்துவிட்டதா? அப்படியானால் அந்தப் பையை வாங்காதீர்கள். சால்வியா விதை பழசானால் முளைப்புக் குறைந்துவிடும்.

அடுத்தது, முளைப்பு எண். 60% என்று போட்டிருந்தால் என்ன பொருள்? நூறு விதை போட்டால் அறுபது முளைக்கும் என்று பொருள். மீதி நாற்பது முளைக்காது. இது ஏமாற்று இல்லை. ஆனால் நமக்கு முன்பே தெரிய வேண்டும். 60 நாற்று வேண்டும் என்றால் 100 விதை போட வேண்டும். நாற்றில் பத்து அழுகிப்போகும் என்று வைத்தால் கையில் மிஞ்சுவது 50.

விதைக்குச் சாயம் பூசி இருக்கிறதா என்றும் பாருங்கள். சிவப்பு, நீலம் என்று சாயம் இருந்தால் மருந்து தடவிய விதையாக இருக்கும். அதைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கோழிக்கும் போடாதீர்கள்.

விதைத்த பிறகும் பையை எறிய வேண்டாம். ஒரு குச்சியில் செருகித் தொட்டி ஓரத்தில் வையுங்கள். விதைத்த தேதியையும் அதில் எழுதுங்கள். கடைக்காரர் கொடுத்த ரசீதையும் வைத்திருங்கள். விதை முளைக்காவிட்டால் கடையில் கேட்கலாம். பையும் ரசீதும் இல்லாமல் கேட்டால் பேச்சு எடுபடாது.

நாற்று விடுதல்

புரட்டாசி மாதம் விதைக்க நல்ல காலம். விதைத்துப் பத்து வாரம் முதல் பன்னிரண்டு வாரத்தில் பூ வரும். புரட்டாசி முதலில் விதைத்தால் கார்த்திகை கடைசியில் பூக்கத் தொடங்கும். மாசி வரை பூக்கும்.

ஆனால் ஐப்பசியில் அடைமழை வரும். இளம் நாற்று மழையைத் தாங்காது. ஆகவே தரையில் விதைக்க வேண்டாம். அகலமான தொட்டியிலோ, பழைய தகரத் தட்டிலோ, தேங்காய்ச் சிரட்டையிலோ விதைக்கலாம். எதுவாக இருந்தாலும் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். மழை வந்தால் தாழ்வாரத்துக்குத் தூக்கி வைத்துவிடலாம்.

மண் கலவை எளிது. செம்மண் இரண்டு பங்கு. மணல் ஒரு பங்கு. நன்றாக மக்கிய எரு ஒரு பங்கு. மூன்றையும் சலித்துக் கலக்குங்கள். பச்சைச் சாணியைப் போடாதீர்கள். அது சூடு கிளப்பும். வேரைக் கெடுக்கும்.

மண்ணைத் தட்டில் பரப்பித் தண்ணீர் தெளியுங்கள். விதையை மேலாகத் தூவுங்கள். சிவப்புச் சால்வியா விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். ஆகவே ஆழமாகப் புதைக்கக் கூடாது. விதை மறையும் மறையாத அளவுக்கு மணல் தூவினால் போதும். அந்த அம்மா செய்த தவறுகளில் இதுவும் ஒன்று. விதை இருட்டில் கிடந்து அழுகியது.

தண்ணீரைக் குடத்தால் ஊற்றாதீர்கள். கையால் தெளியுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும். சேறாக இருக்கக் கூடாது. இரண்டு வாரத்தில் முளை வரும். அதுவரை நிழலில் வையுங்கள். முளை வந்ததும் காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள்.

முளைத்த நாற்று திடீரென்று சாய்ந்து விழலாம். தண்டின் அடி கறுத்து, நூல் போல மெலிந்து இருக்கும். இது நாற்றழுகல் நோய். அதிகத் தண்ணீராலும், நெருக்கமாக முளைப்பதாலும் வரும். சாய்ந்த நாற்றைச் சுற்றி உள்ள மண்ணோடு எடுத்துப் போட்டுவிடுங்கள். ஒரு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். காற்றோட்டமாக வையுங்கள்.

நடுதல், கிள்ளுதல்

நாற்றில் ஐந்து ஆறு இலை வந்ததும் எடுத்து நடலாம். மாலை நேரத்தில் நடுங்கள். தரையில் நட்டால் செடிக்குச் செடி ஒரு அடி இடைவெளி விடுங்கள். தொட்டியில் நட்டால் எட்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி போதும்.

வாசலில் தண்ணீர் தேங்கும் இடத்தில் நடாதீர்கள். சால்வியாவுக்குக் காலில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும். மண்ணைக் கொஞ்சம் மேடாக்கி நடுங்கள்.

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். கிள்ளும்போது மனம் வராது. வளரும் செடியை ஏன் ஒடிக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் சாமந்தி பயிரிடுகிறவர்களைக் கேளுங்கள். அவர்களும் நுனி கிள்ளுவார்கள். நுனி போனால் பக்கக் கிளைகள் வரும். ஒரு கொத்துப் பூக்க வேண்டிய செடியில் நாலு கொத்து, ஐந்து கொத்துப் பூக்கும்.

தண்ணீரும் எருவும்

தண்ணீர் எப்போது ஊற்றுவது? விரலை ஒரு அங்குலம் மண்ணில் விடுங்கள். ஈரம் தெரிந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். செடியின் தலையில் ஊற்றாதீர்கள். வேரில் ஊற்றுங்கள். இலையும் பூவும் நனைந்தே இருந்தால் பூஞ்சை நோய் வரும்.

குடிக்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டியது இல்லை. அரிசி கழுவிய தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர் போதும். சோப்பு நுரை அதிகம் உள்ள தண்ணீர் வேண்டாம்.

செடியைச் சுற்றிக் கரும்புச் சோகையையோ வேர்க்கடலைத் தோலையோ பரப்புங்கள். மண் சீக்கிரம் காயாது. களையும் குறையும். அதைத் தண்டில் ஒட்டாமல் இரண்டு விரல் தள்ளிப் பரப்புங்கள்.

எருவுக்கு வேர்க்கடலைப் பிண்ணாக்குப் போதும். ஒரு கைப்பிடிப் பிண்ணாக்கை ஒரு வாளித் தண்ணீரில் மூன்று நாள் ஊற வையுங்கள். மூடி வையுங்கள். பிறகு தெளிந்த தண்ணீரை எடுங்கள். அதோடு இரண்டு மடங்கு நல்ல தண்ணீர் கலந்து வேரில் ஊற்றுங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு முறை போதும். எரு அதிகமானால் இலை தழைக்கும். பூ குறையும்.

காய்ந்த பூக்கொத்தை அடியோடு வெட்டிவிடுங்கள். செடி விதை வைக்கத் தொடங்கினால் பூப்பது குறையும். வெட்டினால் மறுபடி பூக்கும்.

பங்குனி வெயில் வந்ததும் தொட்டியை மரநிழலுக்கு மாற்றுங்கள். காலை வெயில் மட்டும் படட்டும்.

பூவுக்குள் ஒரு ஏற்றம்

பழைய காலத்தில் கிணற்றில் ஏற்றம் இருந்தது. ஒரு பக்கம் மிதித்தால் மறுபக்கம் மேலே எழும். சால்வியா இனத்தில் பல செடிகளின் பூவுக்குள்ளும் அப்படி ஒரு ஏற்றம் இருக்கிறது.

பூவின் அடியில் தேன் இருக்கும். தேனீ கீழ் உதட்டில் உட்காரும். தேனுக்காகத் தலையை உள்ளே விடும். அப்போது ஏற்றத்தின் ஒரு முனையைத் தள்ளும். உடனே மறுமுனை மேலிருந்து இறங்கும். தேனீயின் முதுகில் மகரந்தத்தைத் தடவும். தேனீ அடுத்த பூவுக்குப் போகும். அந்த மகரந்தம் அங்கே ஒட்டும். அங்கே விதை உண்டாகும்.

சிவப்புப் பூ நீண்ட குழாய் போல இருக்கும். பிரேசிலில் இதைத் தேடி ரீங்காரச் சிட்டு வரும். நம் ஊரில் அந்தப் பறவை இல்லை. இங்கே தேன்சிட்டு வரும். வளைந்த மூக்கால் தேன் குடிக்கும்.

தை, மாசியில் சால்வியா பூத்திருக்கும். அதே மாதங்களில்தான் மாமரமும் பூக்கும். மாம்பூவில் காய் பிடிக்க ஈக்களும் தேனீக்களும் உதவுகின்றன. வாசலில் பூச்செடி இருந்தால் இந்தச் சின்ன உயிர்களுக்கு உணவு கிடைக்கும். பூத்திருக்கும் செடியில் விஷ மருந்து அடித்தால் அவையும் சாகும். மாந்தோப்புக்கும் அது நஷ்டம்.

பூச்சி வந்தால் என்ன செய்வது?

இலையின் அடியில் பாருங்கள். வெள்ளை ஈ இருக்கலாம். அசுவினி இருக்கலாம். வெயில் காலத்தில் சிவப்புச் சிலந்தி வரும். அது வந்தால் இலையில் மஞ்சள் புள்ளி விழும். மெல்லிய வலை தெரியும். பஞ்சு போல ஒட்டி இருந்தால் மாவுப்பூச்சி.

உடனே மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் இலையின் அடியில் தண்ணீரை வேகமாக அடியுங்கள். பாதிப் பூச்சி போய்விடும். அதிகம் தாக்கிய கிளையை வெட்டி எரித்துவிடுங்கள். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடிக்குப் பக்கத்தில் கட்டுங்கள். வெள்ளை ஈயும் அசுவினியும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

அதற்கும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊற வையுங்கள். காலையில் துணியில் வடிகட்டுங்கள். கொஞ்சம் சோப்புக் கரைசல் சேருங்கள். அன்று மாலையே தெளியுங்கள். மாலையில் தேனீ வராது.

விஷ மருந்து டப்பாவைக் கையில் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டப்பாவின் மேல் சாய்சதுரக் கட்டம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மஞ்சள் என்றால் கடுமையான விஷம். நீலம் என்றால் நடுத்தர விஷம். பச்சை என்றால் குறைந்த விஷம். பச்சையும் விஷம்தான். விஷம் இல்லை என்று நினைக்கக் கூடாது. பெயர்ச் சீட்டு இல்லாத புட்டியில் மருந்து கொடுத்தால் வாங்காதீர்கள்.

வாசல் செடிக்கு விஷ மருந்து தேவையே இல்லை. குழந்தைகளுக்கு இட்லிப்பூவைப் பிய்த்துத் தேன் உறிஞ்சும் பழக்கம் உண்டு. சிவப்புச் சால்வியாவைக் கண்டாலும் வாயில் வைப்பார்கள். ஒரு செடி போனால் வேறு செடி வைக்கலாம். குழந்தைக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வது?

இது மருந்துச் செடியா?

சால்வியா என்ற பெயர் லத்தீன் மொழியில் வந்தது. குணப்படுத்துவது, காப்பது என்று அதற்குப் பொருள். ஐரோப்பாவில் ஒரு வகைச் சால்வியாவைச் சமையலில் சேர்ப்பார்கள். அது வேறு செடி. வாசலில் வளரும் சிவப்புச் சால்வியா அது இல்லை. இதைக் கஷாயம் வைத்துக் குடிக்கக் கூடாது. இது கண்ணுக்கு மட்டும் விருந்து.

கடைகளில் சியா விதை விற்கிறார்கள். அதுவும் சால்வியா இனம்தான். ஆனால் அதுவும் வேறு வகை. சர்பத்தில் போடும் சப்ஜா விதை திருநீற்றுப் பச்சிலையின் விதை. சியா வேறு, சப்ஜா வேறு. விதைக்க வாங்கிய விதையைத் தின்னக் கூடாது.

விதை எடுத்தல், பதியம் போடுதல்

அடுத்த வருடம் விதை வாங்க வேண்டியது இல்லை. நல்ல செடியில் ஒரு கொத்தை வெட்டாமல் விடுங்கள். பூ உதிர்ந்த கிண்ணம் காய்ந்து பழுப்பாகும். அதன் அடியில் நான்கு விதை வரை இருக்கும். முற்றினால் தானே உதிர்ந்துவிடும். ஆகவே கொத்தின் மேல் மெல்லிய துணிப் பை கட்டுங்கள். விதையை நிழலில் உலர்த்திக் காகிதத்தில் மடியுங்கள். பெயரையும் தேதியையும் உங்கள் கையால் எழுதுங்கள். ஈரம் படாத டப்பாவில் வையுங்கள்.

பையில் ஒட்டு ரகம் என்று இருந்தால் அதன் விதை தாய்ச்செடி போல வராது. அப்போது கிளை நறுக்கி நடலாம். பூ வைக்காத கிளையை நாலு அங்குலம் நறுக்குங்கள். அடி இலைகளைக் கிள்ளுங்கள். ஈர மணலில் நட்டு நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும்.

வருமானம் வருமா?

சால்வியாவைத் தொடுத்துக் கட்ட முடியாது. பூ சீக்கிரம் உதிரும். மணமும் இல்லை. பூ மார்க்கெட்டில் கனகாம்பரம் போல, சாமந்தி போல விலை போகாது. யாராவது ஏக்கர் கணக்கில் நடச் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் தொட்டிச் செடியாக விற்கலாம். ஆந்திராவில் ராஜமகேந்திரவரம் பக்கத்தில் கடியம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே நாற்றுப் பண்ணைகள் மிக அதிகம். பூச்செடி நாற்று வளர்த்தே பல குடும்பங்கள் வாழ்கின்றன. குடிபாலாவுக்கு ஒரு பக்கம் சித்தூர், மறுபக்கம் வேலூர். இரண்டும் பெரிய ஊர்கள். அங்கே நாற்றுக் கடைகள் உண்டு. முதலில் கடையில் விசாரியுங்கள். எத்தனை வாங்குவார்கள், என்ன விலை தருவார்கள் என்று கேளுங்கள். பிறகு விதையுங்கள்.

நோட்டில் கணக்கு எழுதுங்கள். விதைச் செலவு, பைச் செலவு, எருச் செலவு, பஸ் செலவு எல்லாவற்றையும் எழுதுங்கள். கூட்டுங்கள். பிழைத்த செடிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். அதுதான் ஒரு செடியின் அடக்க விலை. அதைவிடக் குறைத்துக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அடுத்த புரட்டாசியில் அந்த அம்மா மறுபடி விதை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இந்த முறை பையைத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துப் படித்தார். "இது போன மாதத்தோடு முடிந்துவிட்டதே. வேறு பை கொடுங்கள்" என்றார். கடைக்காரர் உள்ளே போய்ப் புதுப் பை எடுத்து வந்தார். அந்த வருடம் கார்த்திகைக் கடைசியில் வாசல் சிவந்தது.

நினைவில் வையுங்கள்

1. புரட்டாசியில் விதையுங்கள். பங்குனியில் நிழலுக்கு மாற்றுங்கள்.
2. விதையை ஆழமாகப் புதைக்காதீர்கள்.
3. ஈரம் வேண்டும். சேறு வேண்டாம்.
4. ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள்.
5. விதைப் பையின் தேதியைப் படித்து வாங்குங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் நான்கு பக்கத் தண்டு உள்ள செடிகள் எவை?
2. முளைப்பு 70% என்று இருக்கிறது. 200 விதை போட்டால் எத்தனை முளைக்கும்?
3. உங்கள் வீட்டில் உள்ள மருந்து டப்பாவின் கட்டத்தில் என்ன நிறம் இருக்கிறது? அது எதைக் காட்டுகிறது?